மாமியார் சாப்பிட்ட என் ரொட்டி

அந்த ரொட்டியைக் கையில் எடுத்தாலே ஓரம் உதிரும். சுபாங் ஜெயாவில் ஒரு பெரிய கடையில் தனி அலமாரியில் வைத்து விற்கிறார்கள். சின்னதாக, கனமாக, அரை செங்கல் மாதிரி இருக்கும். அரிசி மாவும் மரவள்ளி மாவும் சேர்த்துச் செய்தது, கோதுமை கிடையாது. அப்படியே கடித்தால் தொண்டையை அடைக்கும். எங்கள் வீட்டு வரிசையில் திரிகிற பூனைக்கு ஒரு துண்டு போட்டேன், முகர்ந்துவிட்டுப் போய்விட்டது. அதை மனிதன் தின்கிற பொருளாக மாற்ற எனக்குத் தெரிந்து ஒரே வழிதான். முட்டையில் முக்கிப் பொரிக்க வேண்டும். கடையில் அதற்கு பிரெஞ்ச் டோஸ்ட் என்று பேர், எங்கள் வீட்டில் முட்டை ரொட்டி. எனக்காக அதை முதலில் செய்தவர் என் மாமியார். அவரைப் பற்றி எழுத எனக்கு யோக்கியதை இருக்கிறதா என்று தெரியவில்லை. இருந்தாலும் எழுதுகிறேன்.

எங்களுக்குள் ஒத்துப்போனதே இல்லை. அவர் பிரிக்பீல்ட்ஸில் பிறந்து வளர்ந்தவர். மாமனார் இறந்த பிறகு கிள்ளானில் எங்கள் வீட்டுக்கு வந்துவிட்டார். நான் துறைமுகத்திலிருந்து கண்டெய்னர் லோரி ஓட்டுகிறவன். மகளுக்கு ஆபீஸ் வேலை பார்க்கிற மாப்பிள்ளை கிடைத்திருப்பான் என்கிற எண்ணம் அவருக்குக் கடைசிவரை இருந்தது. நாலு பேர் முன்னால் என்னை "மாப்பிள்ளை, வாங்க, உட்காருங்க" என்பார். ஆட்கள் போனதும் "நீ"தான்.

எனக்கு வயிறு கெட ஆரம்பித்தபோது நான் குடித்தே குடலைக் கெடுத்துக்கொண்டேன் என்று அவர் முடிவு கட்டினார். நான் குடிக்காதவன் என்று சொல்லவில்லை. ஆனால் அவர் நினைத்த அளவுக்கு இல்லை. எதைச் சாப்பிட்டாலும் போகும். சட்டை தோளில் தொங்கியது. இடுப்பு வாரில் ஆணியால் புது ஓட்டை போட்டுக்கொண்டேன். லோரியில் மாற்று உடுப்பு வைத்துக்கொண்டு ஓட்டினேன். வழியில் கக்கூஸ் எங்கெங்கே இருக்கிறது என்று எனக்கு மனப்பாடம்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு விருந்தாளிகள் வந்திருந்தார்கள். என் மனைவியின் தாய்மாமா, அதாவது மாமியாரின் அண்ணன், செந்தூலிலிருந்து குடும்பத்தோடு வந்திருந்தார். பெரிய வயிறு, பெரிய குரல், யாரையும் விடாமல் கிண்டல் செய்கிற ஆள். பேசிக்கொண்டிருந்தவன் எழுந்து போனேன். கக்கூஸுக்கு அடுப்படி வழியாகப் போக வேண்டும். அடுப்படி வரைக்கும்தான் போக முடிந்தது. நாற்பது வயது ஆண்பிள்ளை, தரையைப் பார்த்துக்கொண்டு நின்றேன். மாமியார் அடுப்பண்டை நின்று எல்லாவற்றையும் பார்த்தார். ஹாலுக்குப் போகிற கதவைச் சாத்தி, அந்தப் பக்கம் பார்த்து, "ரசம் கொட்டிப்போச்சு, யாரும் உள்ள வராதீங்க, வழுக்கும்!" என்று கத்தினார். கொடியில் கிடந்த கைலியை என் மேல் போட்டார். நான் குளித்துவிட்டு வந்தபோது தரை சுத்தமாக இருந்தது, டெட்டால் வாசனை அடித்தது. அதற்குப் பிறகு பல நாள் அவர் முகத்தை நான் நேராகப் பார்க்கவில்லை. திட்டியிருந்தால்கூடத் திருப்பித் திட்டியிருப்பேன்.

அதற்குப் பிறகுதான் ஆஸ்பத்திரிக்குப் போனேன். சீலியாக் என்றார் டாக்டர். கோதுமையில் குளூட்டன் என்று ஒரு பசை இருக்கிறதாம், அது என் குடலைத் தின்கிறதாம். ரொட்டி, சப்பாத்தி, மீ நூடுல்ஸ், பிஸ்கட் எதுவும் கூடாது. லோரி நிறுத்துகிற யார்டில் ஒருவனிடம் சொன்னேன். அவன், "ரொட்டி தின்னா பேதியா? என்ன லா அண்ணே, வெள்ளக்காரன் வியாதியெல்லாம் நமக்கு எப்படி வரும்?" என்று சிரித்தான். பக்கத்தில் இருந்தவர்களும் சிரித்தார்கள். அதோடு யாரிடமும் சொல்வதில்லை என்று வாயை மூடிக்கொண்டேன்.

கோதுமையை நிறுத்தியும் வயிறு நிற்கவில்லை. மாமியார் சாயங்காலம் சாயங்காலம் மோர் கலக்கி, பெருங்காயம் தூக்கலாகப் போட்டுக் கொடுப்பார். "வயித்துக்கு நல்லது, கண்ண மூடிட்டுக் குடி." வயிறு மோசமானால் பெருங்காயம் இன்னொரு சிட்டிகை ஏறும். இப்படியே மாதக்கணக்கில் போனது. மறுபடி ஆஸ்பத்திரிக்குப் போனபோது அவரும் கூட வந்தார். சாப்பாட்டு விஷயம் பேசுகிற தமிழ்ப் பெண் ஒருத்தி, வேறு என்ன எடுத்துக்கொள்கிறார் என்று கேட்டாள். மாமியார் நிமிர்ந்து உட்கார்ந்து மோர்க் கதையைப் பெருமையாகச் சொன்னார். அந்தப் பெண் கொஞ்சம் தயங்கினாள். "ஆன்டி, கடையில விக்கிற பெருங்காயத்துல கோதுமை மாவு கலந்திருப்பாங்க. மொதல்ல அத நிறுத்துங்க."

திரும்பி வரும்போது ஃபெடரல் ஹைவேயில் நல்ல நெரிசல். மாமியார் கண்ணாடி வழியாக வெளியே பார்த்துக்கொண்டே சொன்னார்: "நானேதான் உனக்கு வெஷம் கலக்கிக் கொடுத்திருக்கேன்." தெரியாமல் நடந்தது அத்தை என்று ஒரு வார்த்தை நான் சொல்லியிருக்கலாம். முன்னால் நின்ற காரின் சிவப்பு விளக்கைப் பார்த்துக்கொண்டிருந்தேன். இவரும் தலை குனிந்தாரே என்று உள்ளுக்குள் ஒரு திருப்தி. என் லட்சணம் அவ்வளவுதான்.

மறுநாள் அவர் அடுப்படியைத் தலைகீழாகப் புரட்டினார். பெருங்காய டப்பா குப்பைக்குப் போனது. சப்பாத்தி போட்ட கல்லை என் பக்கமே கொண்டுவரக் கூடாது என்று புதுச் சட்டி ஒன்று வாங்கி, கைப்பிடியில் சிவப்புத் துணி கட்டினார். மகளைக் காரை எடுக்கச் சொல்லி சுபாங் ஜெயாவுக்குப் போய் அந்த ரொட்டியை வாங்கி வந்தார். முதலில் சாதாரண ரொட்டி மாதிரி நினைத்து ஊற வைத்தார். எடுக்கும்போது கஞ்சியாகிவிட்டது. அடுத்த தடவை திருப்பும்போது மூன்றாக உடைந்தது. உடைந்ததையெல்லாம் அவரே தின்றார், முகத்தைச் சுளித்துக்கொண்டு. பிறகு வழி பிடிபட்டது. ரொட்டியை முதலில் வெறும் சட்டியில் வாட்டிக் காய வைக்க வேண்டும். முட்டையோடு கெட்டித் தேங்காய்ப் பால், சீனி, உப்பு, பட்டைத் தூள். ஒரு பக்கம் முக்கி, மறுபக்கம் முக்கி, உடனே எடுத்துவிட வேண்டும். நெய் விட்டுச் சின்னத் தீயில், ஓரம் தானாகச் சட்டியை விடும்வரை கரண்டியை வைக்கக் கூடாது. சூட்டோடு சாப்பிட்டால் பரவாயில்லை. ஆறினால் பழையபடி செங்கல்தான்.

அந்த வருஷமே தாய்மாமா மகனுக்குக் கல்யாணம். ராத்திரி விருந்து கிள்ளானில் ஒரு மண்டபத்தில். மாமியார் எனக்கு முட்டை ரொட்டி செய்து டப்பாவில் எடுத்து வந்திருந்தார். மேசையில் பிரியாணி, கறி, கேசரி எல்லாம் வந்தது. எதில் என்ன கலந்திருக்கிறதோ என்று நான் எதையும் தொடவில்லை. தாய்மாமா வந்து என் முதுகில் ஒரு தட்டுத் தட்டினார்.

"என்ன மாப்ள, எங்க வீட்டுச் சாப்பாடு எறங்காதா? தனியா டப்பா வந்திருக்கு! சின்னப் பிள்ளையா நீங்க?"

சுற்றிலும் சிரிப்பு. எனக்குக் காது சுட்டது. பதில் சொல்ல வாயைத் திறப்பதற்குள் மாமியார் டப்பாவைத் தன் பக்கம் இழுத்தார்.

"அது எனக்குண்ணே. எனக்குத்தான் கோதுமை ஆகாதுன்னு டாக்டர் சொல்லிட்டான். மாப்பிள்ளைக்கு மத்தியானம் தின்ன கறி இன்னும் செரிக்கல."

சொல்லிவிட்டு, ஆறிப்போன அந்த ரொட்டியை எல்லோரும் பார்க்க மென்று விழுங்கினார். கேசரித் தட்டு அவரைத் தாண்டிப் போனது. கேசரி என்றால் அவருக்கு உயிர். முந்திரி நிறையப் போட்ட கேசரிக்காகவே கல்யாணத்துக்குப் போகிற ஆள். ரவையும் கோதுமைதானே, அன்றைக்கு அதைத் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. நான் பட்டினியாகப் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். என் உயிர் திரும்பி வந்த மாதிரி இருந்தது.

சொன்ன பொய்யை அவர் விடவில்லை. விட்டால் மாட்டிக்கொள்வோமே. அதன் பிறகு எந்த விசேஷத்துக்குப் போனாலும் கையில் டப்பா. நான் வீட்டிலேயே சாப்பிட்டுவிட்டுப் போவேன், அவர் அங்கே போய் என் ரொட்டியைத் தின்பார். பெண்கள் கூடி விசாரித்தால் என் வியாதியைத் தன்னுடையதாக்கி அக்கு வேறு ஆணி வேறாகச் சொல்வார். ஒரு வளைகாப்பில் என் காதிலேயே விழுந்தது, "ஒரு தடவ அடுப்படியிலேயே போயிட்டேன்டி, கக்கூஸ் வரைக்கும் தாங்கல!" என்று சிரித்துச் சிரித்துச் சொல்கிறார். பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். வாசல்படியில் செருப்பு மாட்டிக்கொண்டிருந்த நான் அப்படியே குனிந்தபடி இருந்தேன்.

வீட்டுக்கு வந்ததும் கேட்டேன், "எதுக்கு அத்தை இதெல்லாம்?"

"கெழவிக்கு வயிறு கெட்டா ஊரு பாவம்னு சொல்லும். ஆம்பளைக்குக் கெட்டா சிரிக்கும். நான் செஞ்சதுக்கு இது ஒண்ணும் பெரிசில்ல. போ, போய்ப் படு."

வேண்டாம் அத்தை, நானே சொல்லிக்கொள்கிறேன் என்று நான் சொல்லவில்லை. போய்ப் படுத்தேன்.

போன வருஷம் இறந்துபோனார். கருமாதி அன்று சாயங்காலம் படையல் போட்டோம். அவருக்குப் பிடித்ததெல்லாம் இலையில் வைக்க வேண்டும். தாய்மாமாவின் மனைவி ஒரு தட்டைக் கொண்டுவந்து இலையின் நடுவில் வைத்தார். முட்டை ரொட்டி. சுபாங் ஜெயா வரைக்கும் போய், தேடி அந்த ரொட்டியை வாங்கி, புதுச் சட்டியில் செய்தாராம். "பாவம், வாயக் கட்டியே போய்ச் சேர்ந்துட்டாங்க. கோதுமை துளிகூடப் படாம பாத்துப் பாத்துச் செஞ்சேன்" என்று கண்ணைத் துடைத்துக்கொண்டார். இலையை முழுக்கப் பார்த்தேன். கேசரி இல்லை. என் மனைவி என்னைப் பார்த்தாள். தாய்மாமா சூடத்தை எடுத்துவிட்டார்.

"மாமா, கொஞ்சம் இருங்க. அத்தைக்குக் கோதுமை ஒத்துக்கும். எனக்குத்தான் ஒத்துக்காது."

"என்ன சொல்றீங்க மாப்ள?"

"வியாதி என்னோடது. அடுப்படியில போனதும் நான்தான். எனக்காக அவங்க பொய் சொன்னாங்க."

யாரும் சிரிக்கவில்லை. சிரித்திருக்கலாம். தாய்மாமா சூடத்தைக் கையில் வைத்துக்கொண்டே நின்றார். அவர் மனைவி தட்டைப் பார்த்து, "அப்ப இத என்ன செய்யறது?" என்றார், யாரிடம் என்று இல்லாமல்.

என் மனைவி எழுந்து அடுப்படிக்குப் போனாள். ரவை வறுபடுகிற வாசனை வந்தது, பிறகு நெய் வாசனை. எல்லோரும் காத்திருந்தோம். கேசரி ஆவியோடு வந்து இலையில் இறங்கிய பிறகுதான் சூடம் ஏற்றினோம்.

கும்பிட்டு முடிந்ததும் அந்த முட்டை ரொட்டித் தட்டை எடுத்துக்கொண்டு ஹால் நடுவில் உட்கார்ந்தேன். நன்றாக ஆறியிருந்தது. எல்லோரும் பார்த்துக்கொண்டிருக்க முதல் துண்டைக் கடித்தேன். தாய்மாமா தன் பெரிய வயிறோடு சிரமப்பட்டு என் எதிரில் தரையில் உட்கார்ந்தார்.

"நல்லா இருக்கா மாப்ள?"

"இல்ல மாமா. வாயில வைக்க முடியல."

"இத்தன வருஷம் அவ தின்னாளே."

"தின்னாங்க மாமா" என்றேன்.