பஸ் நின்ன அன்னிக்கு வந்த துணை

வேலையும் போச்சு, புருசனும் போயிட்டான், கோழிக்கடையில ஒத்தையா நிக்கிறா. குன்னூர்ல என்னைப் பத்தி அப்ப இதுதாங்க பேச்சு.

பேங்க்ல உதவி மேனேஜரா இருந்தேனுங்க. வடக்க டிரான்ஸ்பர் வந்தப்ப வீட்டுக்காரர் படுத்த படுக்கை. வேலைய எழுதிக் குடுத்துட்டு அவரைப் பாத்துக்கிட்டேன். அவரும் போயிட்டாரு. மக பெங்களூர்ல. வெறும் ஊட்டுல சுவத்தைப் பாத்து உக்கார முடியாமத்தான், பொரிச்ச கோழி விக்கிற கம்பெனி ஒண்ணுகிட்டக் கிளை எடுத்தேன்.

சீசன்ல டூரிஸ்ட் வந்தாங்க. மழை புடிச்சதும் ஈ காக்கா இல்ல. கதவு தொறந்தா சத்தமா வரவேற்பு சொல்லணும்னு கம்பெனி சட்டம். காத்து தள்ளித் தொறந்த கதவுக்கெல்லாம் நான் தொப்பியோட வரவேற்பு சொல்லியிருக்கேன், போங்க! பேங்க்ல "மேடம் மேடம்"னு சுத்துனவங்க குடையச் சாச்சுப் புடிச்சுட்டு என்னைப் பாக்காத மாதிரி போனாங்க. உள்ளூர் ஆளுங்க ஒருத்தரும் படி ஏறல. என்னைக் கேவலமா நெனைக்கிறாங்கன்னு உள்ளுக்குள்ளயே புழுங்கினேன்.

ஆடி மாசம் எஸ்டேட் மாரியம்மனுக்கு நானும் காப்புக் கட்டினேன். கோழி பொரிக்கிறதக் கடைப் புள்ளைங்க பாத்துக்கிட்டாங்க, நான் தொடல. ஒருநாள் பேய்மழை. புள்ளைங்க வரல. அடுப்பே பத்தவைக்காம உக்காந்திருந்தேன். "ஆத்தா, வியாபாரம் கேக்கல. பேச ஒரு ஆளக் குடு. இல்லேன்னா நாளைக்கே கடையத் திருப்பிக் குடுத்துடறேன்"னு வாய் விட்டு அழுதேன்.

மத்தியானம் எஸ்டேட் ரோட்டுல மரம் விழுந்து பஸ் நின்னுபோச்சு. கொழுந்து பறிச்சுட்டு டவுனுக்கு வந்த பொம்பளைங்க கடை வாசல்ல நனைஞ்சுட்டு நின்னாங்க. கதவத் தொறந்து, "உள்ள வாங்கக்கா"ன்னேன். யாரும் அசையல.

"வேண்டாங்க மேடம். கோழி பொரிக்கிற எடம். நாங்க காப்புக் கட்டியிருக்கோம்."

அட ஆத்தா! கம்பெனிச் சட்டையோட முழுக்கையச் சுருட்டி என் மஞ்சக் கயித்தக் காட்டினேன்.

"ஏனுங்க, நீங்களுமா! கோழிக்கடைக்காரம்மா எங்க காப்புக் கட்டப் போறாங்கன்னுல்ல நெனச்சோம்!"

சிரிச்சுட்டே உள்ள வந்தாங்க. சைவத்துக்குன்னு தனியா வச்சிருந்த சட்டியில உருளைக்கிழங்கு பொரிச்சேன். கம்பெனி சட்டத்துல இல்லாத, பால் ஊத்தாத கட்டஞ்சாயா போட்டேன். அவங்கள்ல சிலோன்லருந்து வந்த குடும்பத்துச் செல்வி அக்கா, அழுத என் மூஞ்சிய முந்தானையால தொடச்சுவிட்டு, "ஒத்தையில ஏம்மா கெடந்த? எங்க எஸ்டேட் லயத்து வீட்டுக்கு வந்தா ஒரு வாய் சோறு இருக்காதா?"ன்னு வஞ்சாங்க. எத்தன நாளைக்கப்புறம் என்னை ஒருத்தர் உரிமையா வையறாங்க!

மறுநாள் கடையத் திருப்பிக் குடுக்கக் கம்பெனிக்கு நான் போன் பண்ணல. திருவிழாப் பொங்கல் அவங்க லயத்துலதான் வச்சேன்.

இப்ப பஸ்ஸுக்கு நிக்கிறவங்களுக்கு என் கடைதான் நெழல். ஆடியில காப்புக் கட்டினா, அவுக்கற வரைக்கும் அங்க கோழி கெடையாது. கம்பெனிக்காரர் குதிச்சாரு, கூட்டத்தப் பாத்து அடங்கிட்டாரு.

தனியாக் கெடக்கற தாயிங்க யாராச்சும் இதைக் கேட்டா, ஆத்தாகிட்ட வாய் விட்டு அழுங்க. அழுத புள்ளதான் பால் குடிக்கும். ஓடற பஸ்ஸ நிறுத்தி எனக்கு ஆளு அனுப்புனவ, உங்க ஊட்டுக்கு வழி தெரியாமயா நிப்பா?