என் குரலில் பேசிய நடிகர்

அந்த நடிகருக்கு என் பேச்சைக் கற்றுக்கொடுக்க ஒப்புக்கொண்டபோது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது. யாரும் என்னைக் கட்டாயப்படுத்தவில்லை. அதை முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

எண்பதுகளின் நடுப்பகுதி. அமெரிக்காவில், பிளெய்ன்ஸ்பரோ என்ற ஊரில் ஓர் அபார்ட்மென்ட்டில் நானும் கணவரும் ஏழு வயது மகளும் இருந்தோம். கணவருக்கு மருந்து கம்பெனியில் வேலை. நான் பக்கத்து ஊர் நூலகத்தில், புத்தகம் எடுக்க வருகிறவர்களின் கேள்விகளுக்குப் பதில் சொல்லும் மேசையில் உட்கார்ந்திருந்தேன். ஒருநாள் அறுபது வயதுக்கு மேற்பட்ட வெள்ளைக்காரர் ஒருவர் வந்து, இந்தியர்கள் ஆங்கிலம் பேசும் ஒலிநாடா ஏதாவது கிடைக்குமா என்று கேட்டார். இல்லையென்றேன். என் முகத்தையே சற்றுப் பார்த்துவிட்டு, "அப்போ நீங்களே பேசுங்களேன்" என்றார்.

அவர் இங்கிலாந்துக்காரர். பதினான்கு வயதில் மேடையேறியவர். கடற்கரை ஊர்களின் அரங்குகளில் பாட்டு, நாய் வித்தை, நடனம் எல்லாம் கலந்த கதம்ப நிகழ்ச்சிகள் நடக்குமாம். அவற்றுக்கு நடுவே ஆறு நிமிடம் தனியாக நின்று சிரிக்கவைப்பது இவர் வேலை. அந்த அரங்குகள் ஒவ்வொன்றாக மூடப்பட்டதும் டெலிவிஷனுக்குப் போனார். முதலில் போலீஸ்காரர், பிறகு பக்கத்து வீட்டுக்காரர் என்று சின்னச் சின்ன வேஷங்கள். "மேடையில ஒரே ஜோக்கை வெச்சுப் பத்து வருஷம் பிழைக்கலாம். டெலிவிஷன்ல ஒரு வாரம்கூடத் தாங்காது" என்றார். அவர் பேசியது ஆங்கிலம். என் நினைவில் தமிழாகவே தங்கியிருக்கிறது.

இப்போது அமெரிக்கத் தொடர் ஒன்றில் மோட்டல் என்கிற நெடுஞ்சாலை விடுதியை நடத்தும் இந்திய முதலாளி வேஷம் கிடைத்திருந்தது. முகத்துக்குப் பழுப்புச் சாயம் பூசிவிடுவார்கள். பேச்சு மட்டும் உண்மையாக இருக்க வேண்டும் என்று அவருக்கு ஆசை.

மூன்று சனிக்கிழமைகள் நூலகத்தின் பின்னறையில் உட்கார்ந்தோம். நடுவில் அவருடைய டேப்ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருந்தது. என் பேச்சை அவ்வளவு கவனமாக அந்த நாட்டில் யாரும் கேட்டதில்லை. மூன்றாவது சனிக்கிழமை, அவர் கேட்காமலேயே என் அப்பா இறந்த கதையைச் சொல்லிவிட்டேன். கிரீன் கார்டு விண்ணப்பம் முடிவாகாமல் நாட்டைவிட்டு வெளியேறினால் திரும்ப முடியாது என்பதால் நான் ஊருக்குப் போக முடியவில்லை. திண்டுக்கல்லிலிருந்து வந்த அழைப்பில் அம்மாவின் குரல் விட்டுவிட்டுக் கேட்டது. "ஹலோ? ஹலோ? கேக்குதா? யாரு? யாருக்கு என்ன?" என்று நான் கத்தினேன். எப்படிக் கத்தினேன் என்று அவருக்குக் கத்தியே காட்டினேன். அவர் டேப்பை நிறுத்தவில்லை. கையை மட்டும் என் கைமேல் வைத்தார்.

தொடர் ஒளிபரப்பான அன்று இரண்டு குடும்பங்களைச் சாப்பிடக் கூப்பிட்டிருந்தேன். கேசரி செய்திருந்தேன். "நான்தான் அவருக்கு டிரெய்னிங் குடுத்தேன்" என்று வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டேன்.

திரையில் பழுப்பு முகத்தோடு வந்தார். முதல் வாக்கியத்திலேயே எல்லோரும் சிரித்துவிட்டார்கள். "ஏய், நம்ம ஊர் ஆளேதான்! எக்ஸலன்ட்டா பண்றான்யா" என்றார் என் கணவர். நானும் சிரித்தேன். பிறகு மோட்டல் போன் மணி அடித்தது. ரிசீவரை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு, கழுத்து நரம்பு புடைக்க, "ஹலோ? ஹலோ? யாருக்கு என்ன?" என்று ஆங்கிலத்தில் கத்தினார். கடைசிச் சொல்லில் என் குரல் உடைந்த இடத்திலேயே அவர் குரலும் உடைந்தது. டெலிவிஷனுக்குள்ளிருந்து பெரிய சிரிப்பு எழுந்தது. எங்கள் வரவேற்பறையிலும் அதே சிரிப்பு.

மகள்தான் திரும்பி என்னைப் பார்த்தாள். "அம்மா, தட்ஸ் யூ!"

கணவரின் சிரிப்பு நின்றது. என் அப்பா இறந்த செய்தி வந்த விடிகாலையில் அவர் என் பக்கத்தில்தான் இருந்தார். நான் எழுந்துபோய், சாம்பாரைச் சுடவைக்கிறேன் என்று அடுப்பருகே நின்றேன்.

மறுவாரம் நூலகத்திலேயே ஒருவர் என்னிடம், தொடரில் வந்ததுபோலவே, "ஹலோ? ஹலோ?" என்றார். கெட்ட எண்ணத்தோடு சொல்லவில்லை. அவருக்கு அது ஒரு தமாஷ். அதற்குப் பிறகு என்னால் போனில் குரலை உயர்த்த முடியவில்லை. ஊரிலிருந்து அம்மா, "என்னடி, உடம்பு சரியில்லையா? ஒண்ணுமே கேக்கல" என்று வருத்தப்பட்டாள்.

போன் காட்சி வாராவாரம் வரத் தொடங்கியதும் நடிகருக்குக் கடிதம் எழுதினேன். ஒரு மாலை அவரே அழைத்தார்.

"என் அப்பா ஒரு குடிகாரர். அவர் மாடிப்படி இறங்கிவரும் விதத்தைத்தான் மேடையில முப்பது வருஷம் நடிச்சேன். அவர் செத்த அன்னைக்கும் அதையேதான் நடிச்சேன். ஜனங்க சிரிச்சாங்க. உண்மையா இருந்தாத்தான் சிரிப்பு வரும். எனக்கு வேற வழி தெரியாதும்மா."

"அது உங்க அப்பா. இது என் அப்பா" என்றேன்.

பிறகு மன்னிப்புக் கேட்டார். போன் காட்சி இனி வராது என்றார். மூன்று வாரம் வரவில்லை. நான்காம் வாரம் வந்துவிட்டது. தயாரிப்பாளர்கள் கேட்டிருப்பார்கள், பிழைக்க வேண்டியவர், மறுக்க முடிந்திருக்காது என்று கணவர் சமாதானம் சொன்னார். அவர் இன்னொருவனுக்காக இப்படிப் பரிந்து பேசியது எனக்கு மேலும் கசந்தது. சில நாட்கள் அவரோடும் பேசவில்லை. மேலதிகாரியிடம் கேட்டு, உள்ளே புத்தகங்களுக்கு அட்டவணை போடும் வேலைக்கு மாறிக்கொண்டேன். அங்கே யாரிடமும் பேச வேண்டியதில்லை.

குளிர்காலத்தில் தொடரை நிறுத்திவிட்டார்கள். ஒரு சனிக்கிழமை அந்த நடிகர் நூலகத்துக்கு வந்தார். கோட்டில் பனி ஒட்டியிருந்தது. நான் உட்காரச் சொல்லவில்லை.

"ஊருக்கே திரும்பிப் போறேன். ஆஸ்பத்திரி சீரியல் ஒண்ணுல வாசல் காவலாளி வேஷம். சிரிக்கவைக்க ஒரு வரிகூடக் கிடையாது."

"நல்லது."

"அந்த டேப்பை அழிச்சிட்டேன். வேணும்னா உங்ககிட்டயே குடுத்திருக்கலாம். அப்ப தோணல."

எனக்குக் கோபம் வரும் என்று நினைத்தேன், வரவில்லை. மன்னித்துவிட்டேன் என்று சொல்ல வாய் வரவில்லை, சொல்லியிருந்தால் பொய்யாகியிருக்கும். "ரோடு வழுக்கும், பாத்து டிரைவ் பண்ணுங்க" என்றேன். தலையசைத்துவிட்டுப் போனார்.

வீட்டில் கணவர் கேட்டார், "என்ன சொன்னாரு?"

"ஊருக்குப் போறாராம்."

"நீ என்ன சொன்ன?"

பாதி நறுக்கியிருந்த வெங்காயத்தை நறுக்கி முடித்தேன். அவர் தட்டுகளை எடுத்துவைக்கப் போனார்.