தங்கள் கை பாதுகாப்பாக உள்ளது

புதுக்கோட்டையிலிருந்து தஞ்சாவூர் போகிற சாலையில், பஸ் நிற்காத ஓர் இடத்தில் எங்கள் முந்திரிப் பட்டறை இருக்கிறது. பதினெட்டுப் பெண்கள் கொட்டை உடைக்கிறார்கள். நான் ஆபீஸ் பார்க்கிறேன். பி.காம். படித்த குற்றத்துக்காகப் போன வருஷம் பாதுகாப்புப் பொறுப்பாளர் என்ற பதவியையும் முதலாளி என் தலையில் கட்டிவிட்டார். சம்பளம் அதேதான். கழுத்தில் மாட்ட ஓர் அட்டை மட்டும் கூடுதலாகக் கிடைத்தது.

எல்லாவற்றுக்கும் காரணம், எங்களிடம் பருப்பு வாங்குகிற சென்னைக் கம்பெனி. தொழிலாளர் பாதுகாப்பை இனி டிஜிட்டலில்தான் பார்ப்போம் என்று சொல்லி, ஒரு டேப்லெட்டும், ரேஷன் கடையில் இருப்பது போன்ற ஒரு ரேகை மிஷினும் அனுப்பினார்கள். தினமும் காலையில் ஒவ்வொருவரும் கட்டைவிரலை வைத்து, "கையுறை அணிந்துள்ளேன், நலமாக உள்ளேன்" என்று உறுதி சொல்ல வேண்டும். சொல்லாதவர் பெயர் சிவப்பாகிவிடும். பதினைந்து நாள் சிவப்பாகவே இருந்தால் அந்த ஆளை வேலையிலிருந்து எடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் பருப்பு வாங்க மாட்டார்கள். "இல்லை" என்று சொல்லவும் ஒரு பொத்தான் இருந்தது. அதை அமுக்கினால் எட்டுக் கேள்விகளும் மூன்று போட்டோக்களும் கேட்டது. முதல் நாளே அமுக்கிப் பார்த்துவிட்டு, அதற்கப்புறம் அந்தப் பக்கமே நான் போகவில்லை.

கையுறைகளும் அனுப்பியிருந்தார்கள். எல்லாம் பெரிய ஆம்பளைக் கைக்கு ஆன சைஸ். முந்திரி ஓட்டில் ஒரு பால் உண்டு, தோலைத் தின்றுவிடும். அந்தப் பால் கையுறைகளை இரண்டே நாளில் தின்று தீர்த்தது. மறுபடி வழக்கம்போல் விளக்கெண்ணெயும் சாம்பலும் தடவிக்கொண்டு உட்கார்ந்தார்கள். வேறு கையுறை கேட்டு மூன்று முறை எழுதினேன். "தங்கள் கருத்துக்கு நன்றி" என்று மூன்று முறை பதில் வந்தது.

மிஷினில் பதினேழு பேரின் விரல் எப்படியோ பதிவானது. சிலருக்கு நாலாவது தடவை, சிலருக்குப் பத்தாவது தடவை. பட்டறையிலேயே மூத்த அக்கா ஒருவருக்கு மட்டும் பதிவாகவே இல்லை. இருபத்திரண்டு வருஷமாகக் கொட்டை உடைப்பவர். நூறு கொட்டை கொடுத்தால் நூறு பருப்பும் முழுசாக எடுத்துக் கொடுப்பார். அந்த இருபத்திரண்டு வருஷத்தில் ஓட்டுப் பால் அவர் பத்து விரலின் ரேகையையும் தின்றிருந்தது. தொட்டுப் பார்த்தால் வழுவழுவென்று இருக்கும். விரல் வைத்தால் மிஷினுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல், நல்ல மரியாதையாக, "மன்னிக்கவும், தாங்கள் இங்கே பணிபுரியவில்லை" என்று சொல்லும்.

கம்பெனி உதவி எண்ணுக்குப் போன் செய்தேன். ஒரு தம்பி எடுத்தான்.

"கைய நல்லா வாஷ் பண்ணச் சொல்லுங்க மேடம்."

"பண்ணியாச்சு."

"வேற ஃபிங்கர் ட்ரை பண்ணுங்க."

"பத்தும் பண்ணியாச்சு."

"அதுக்கு மேல ட்ரை பண்ணுங்க மேடம்" என்று சொல்லிவிட்டு வைத்துவிட்டான்.

புளி போட்டுக் கழுவினோம். பற்பசை தேய்த்தோம். ஒருத்தி சொன்னாள் என்று அக்கா ஒரு ராத்திரி முழுக்க மருதாணி வைத்துக்கொண்டு வந்தார். விரல் அழகாகச் சிவந்திருந்தது, பெயரும் சிவப்பாகவே இருந்தது. பன்னிரண்டாம் நாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. அந்த அக்காவுக்கு முட்டி தேய்ந்துபோய்விட்டது. நாற்று நடவோ நூறு நாள் வேலைக்கோ போக முடியாது. உட்கார்ந்து செய்ய அவருக்கு இருக்கிற வேலை இது ஒன்றுதான். அதையும் என் கையாலேயே அழிக்கச் சொல்கிறார்கள்.

பதிமூன்றாம் நாள் அவர்தான் கேட்டார். "ஏன் ஆத்தா, கால் வெரலுக்கு ரேகை இருக்குமா?"

இருந்தது. ஓட்டுப் பால் படாத, தெளிவான ரேகை. மிஷினைத் தரையில் ஒரு மணைப்பலகை மேல் வைத்தேன். அவர் வலது கால் பெருவிரலை வைத்தார். ஒரே தடவையில், "நன்றி, தங்கள் கை பாதுகாப்பாக உள்ளது" என்றது. வலது கட்டைவிரல் என்ற கட்டத்தில் அந்தக் கால் விரலைப் பதிவு செய்தவள் நான்தான். அவருக்கு ஒரே ஒரு சங்கடம் இருந்தது. ஆயுத பூஜைக்கு அந்த மிஷினுக்கும் சந்தனம் குங்குமம் வைத்திருந்தோம். காலை வைத்த கையோடு அவர் குனிந்து, அதைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். பெயர் பச்சையாகிவிட்டது. நானும் நிம்மதியாகத் தூங்கினேன்.

மாதக் கடைசியில் அறிக்கை வந்தது. எங்கள் பட்டறை மட்டுமல்ல, அந்தக் கம்பெனிக்குப் பருப்பு அனுப்புகிற எல்லாப் பட்டறைகளையும் சேர்த்து, ரேகை கொஞ்சமும் தேயாத கை எங்கள் அக்காவுடையதுதானாம். இருபத்திரண்டு வருஷ அனுபவம், குழந்தையின் கை போன்ற ரேகை. கையுறைத் திட்டத்தின் வெற்றிக்கு இதைவிடச் சாட்சி வேண்டுமா? வீடியோ எடுக்க வருகிறோம் என்று எழுதியிருந்தார்கள். விஷயம் தெரிந்தால் ஆள்மாறாட்டம் என்று சொல்லி அவரை அனுப்பிவிடுவார்கள். அப்புறம் நானும் அவர் பின்னாலேயே போக வேண்டியதுதான்.

"லீவு போட்டுருங்கக்கா" என்றேன்.

"போட்டா செவப்பாயிருமே ஆத்தா."

"அப்ப கட்டைவிரல்ல ஒரு கட்டுப் போட்டுக்குவோம்."

"கட்டுப் போட்டா விபத்துன்னுல்ல எழுதுவாக?"

அதுவும் சரிதான். விபத்து நடந்த கை பாதுகாப்பான கையாக எப்படி இருக்க முடியும்.

அவர்கள் வந்தார்கள். ஓர் அதிகாரி, கேமராவோடு ஓர் ஆள். விஷயம் எதுவும் தெரியாத முதலாளி பொன்னாடை, ஜாங்கிரி எல்லாம் வாங்கி வைத்திருந்தார். அக்கா பட்டுச்சேலை கட்டி வந்திருந்தார். அதிகாரி ரேகை மிஷினைத் தாம்பாளத்தில் வைத்து இரண்டு கையாலும் நீட்டினார். அக்கா என்னைப் பார்த்தார். நான் சுவரைப் பார்த்தேன். இன்று வரைக்கும் அதற்காக வெட்கப்படுகிறேன்.

கட்டைவிரலை வைத்தார். "மன்னிக்கவும், தாங்கள் இங்கே பணிபுரியவில்லை."

"நல்லா அமுக்கி வைங்கம்மா" என்றார் அதிகாரி.

"மன்னிக்கவும், தாங்கள் இங்கே பணிபுரியவில்லை."

ஒருமுறை பதிவான பெயருக்கு மூன்று தடவை தவறினால் மிஷின் பூட்டிக்கொண்டு சென்னைக்குத் தகவல் அனுப்பிவிடும். அக்காவுக்கும் அது தெரியும். தாம்பாளத்தை அதிகாரி கையிலிருந்து வாங்கித் தரையில் வைத்தார். பட்டுச்சேலையைக் கொஞ்சம் தூக்கிக்கொண்டு கால் பெருவிரலை வைத்தார்.

"நன்றி, தங்கள் கை பாதுகாப்பாக உள்ளது."

குனிந்து தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். கேமராக்காரர் எல்லாவற்றையும் எடுத்துக்கொண்டிருந்தார். முதலாளி ஜாங்கிரித் தட்டோடு அப்படியே நின்றார்.

"இது கால்ங்க" என்றார் அதிகாரி, வேறு என்ன சொல்வதென்று தெரியாமல்.

"ஆமா சார். கைய வச்சா நா இங்க வேல பாக்கலங்குது. கால வச்சா பாக்குறேங்குது. நான் என்ன செய்ய?" என்று சொல்லி இரண்டு உள்ளங்கையையும் விரித்துக் காட்டினார்.

அதிகாரி பார்த்தார். அவர் கெட்ட மனிதர் இல்லை. விரல் நுனியைத் தொட்டும் பார்த்தார். "கையுறை போடலாமேம்மா?"

"அது ரெண்டு நாள்ல ஓட்டையாயிருச்சு சார். போட்டாலும் பருப்பு ஒடையுது. எங்க கைக்குத் தக்கன நல்லதாக் குடுத்தா போட மாட்டோமா?"

"கண்டிப்பா எழுதுறேன்மா. யாரையும் வேலைய விட்டு எடுக்க மாட்டாங்க, நான் பாத்துக்கறேன்" என்றார். அங்கேயே டேப்லெட்டைத் திறந்து எழுதவும் செய்தார். பக்கத்தில் நின்று நானும் பார்த்தேன். பாதுகாப்பு தேவைப்படும் உறுப்பு என்ற கேள்விக்குக் கை என்பதைத் தொட்டால் திறக்கவில்லை. அக்காவின் கை ஏற்கெனவே மிகச் சிறப்பு என்று பதிவாகியிருந்ததே காரணம். இரண்டு மூன்று முறை தொட்டுப் பார்த்தார். கடைசியில் திறந்தது கால் மட்டும்தான். "இதுல போட்டு, கீழ விளக்கமா எழுதிடறேன் மேடம்" என்றார். விளக்கமாகத்தான் எழுதினார்.

சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். யாருடைய வேலையும் போகவில்லை. அக்காவின் பெயர் பச்சையாகவே இருந்தது. கால் விரலையும் அனுமதிக்கிறோம் என்று செயலியையே மாற்றிவிட்டார்கள். மூன்று வாரம் கழித்து லாரியில் பெரிய அட்டைப்பெட்டி ஒன்று வந்து இறங்கியது. கையுறை வந்துவிட்டது என்று எல்லோரும் வேலையைப் போட்டுவிட்டு ஓடிவந்தார்கள். நான்தான் கத்தரிக்கோலால் பிரித்தேன்.

உள்ளே பதினெட்டு ஜோடி பூட்ஸ். நல்ல தரம், அளவும் கச்சிதம். பதிவுக்குப் பயன்படும் கால் விரல் ரேகை தேயாமல் காப்பது ஒவ்வொருவரின் கடமை, வேலை நேரம் முழுவதும் அணிந்திருக்க வேண்டும் என்று ஒரு தாளும் இருந்தது.

இப்போது எங்கள் பட்டறையில் பதினெட்டுப் பெண்கள் சேலையும் பூட்ஸுமாக உட்கார்ந்து, வெறுங்கையால் முந்திரி உடைக்கிறார்கள். காலையில் அக்கா வலது பூட்ஸைக் கழற்றி, விரலை வைத்து, கண்ணில் ஒற்றிக்கொண்டு, மறுபடி மாட்டிக்கொள்கிறார். நாடாவை மட்டும் அவரால் முடிச்சுப் போட முடிவதில்லை.

"ஆத்தா, இதக் கொஞ்சம் கட்டி விடு. வெரலு எரியுது" என்பார்.

நான் தரையில் உட்கார்ந்து கட்டிவிடுகிறேன்.