வீடு பார்க்கவாவது வாருங்கள்

கல்பாக்கத்தில் இரவு ஷிப்ட் முடித்து வந்து பகலில் தூங்குகிறவன் நான். மாமல்லபுரத்தில் என் வாடகை வீட்டுச் சுவரை ஒட்டி ஒரு சிற்பப் பட்டறை. விடிந்தால் கல் அறுக்கும் மிஷின் ஓட ஆரம்பித்துவிடும்.

தூக்கமில்லாமல் செத்துக்கொண்டிருக்கிறேன். அக்ரிமென்ட் முடியும் முன்பே காலி செய்கிறேன் என்றால், "வேற ஆள வச்சிட்டுப் போங்க சார்" என்கிறார் ஹவுஸ் ஓனர்.

இன்று ஒருவர் வீடு பார்க்க வந்தார். பட்டறைக்கார அண்ணனிடம் காலில் விழாத குறையாகக் கெஞ்சி, அரை மணி நேரம் மிஷினை நிறுத்தச் சொல்லியிருந்தேன். தங்கமான மனுஷன், நிறுத்திவிட்டார்.

"நல்லா அமைதியா கீதே!" என்றார் வந்தவர்.

அவர் சமையலறைக் குழாயைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தபோது அண்ணன் சுவருக்கு மேல் தலையை நீட்டினார். மிஷின் சத்தத்தில் கத்தியே பழகியவர். அவருடைய ரகசியக் குரல் தெருமுனை வரை கேட்கும்.

"இன்னா சார், வூடு பாக்க வந்தவரு பூட்டாரா? மிஷின போட்டுக்கலாமா?"

வந்தவர் குழாயை மூடிவிட்டு, செருப்பை மாட்டிக்கொண்டு கிளம்பிவிட்டார்.

நண்பர்களே, குடிவர வேண்டாம். தினம் ஒருவராக வீடு பார்க்கவாவது வாருங்கள். நான் அந்த அரை மணி நேரம் தூங்கிக்கொள்கிறேன்.