அக்கா சேர்த்த படம்

அக்கா பிளஸ் டூ முடித்த கோடை விடுமுறையில் கள்ளக்குறிச்சியில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் சேர்ந்தாள். வடக்கனந்தலிலிருந்து பஸ்ஸில் தனியாகப் போய்வர வேண்டாம் என்று அப்பா என்னைத் துணைக்கு அனுப்பினார். எனக்குப் பதினோரு வயது. பஸ் ஸ்டாண்டு எதிரில் ரோட்டைக் கடக்கும்போது அக்காதான் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொள்வாள். ஆனாலும் கணக்குப்படி காவல் நான்தான்.

சென்டர் ஒரு துணிக்கடையின் மாடியில் இருந்தது. கொஞ்ச நாள் சுவரோரமாக உட்கார்ந்து கொட்டாவி விட்டேன். பிறகு ஒரு ஸ்டூலை இழுத்துப் போட்டுக்கொண்டு அக்காவின் பக்கத்திலேயே உட்கார்ந்துவிட்டேன். பாடம் நடத்திய மிஸ்ஸும் தடுக்கவில்லை.

போட்டோக்களைத் திருத்தும் பாடத்தில் கடைசி வேலை, இரண்டு வேறு வேறு படங்களை ஒட்டு தெரியாமல் ஒரே படமாக ஆக்குவது. மற்றவர்கள் தங்களைத் தாஜ்மகால் முன்னாலும் சினிமாக்காரர்கள் பக்கத்திலும் நிறுத்திக்கொண்டார்கள். அக்கா மட்டும், படம் வரவேண்டியிருக்கிறது, அடுத்த வாரம் செய்கிறேன் என்றாள்.

படம் கல்வராயன் மலையிலிருந்து வந்தது. பஸ் ஸ்டாண்டில் மலை பஸ்ஸிலிருந்து புளி மூட்டைகளை இறக்கிக்கொண்டிருந்த ஒருவர் எங்களைப் பார்த்ததும் வேலையை விட்டுவிட்டு வந்தார். சட்டைப் பையிலிருந்து பிளாஸ்டிக் கவரில் சுற்றிய ஒரு போட்டோவை எடுத்து அக்காவிடம் கொடுத்தார்.

“இது ஒண்ணுதான் கீது பாப்பா. பாத்து வச்சிக்க.”

“வேல முடிஞ்சதும் குடுத்துடறேன் மாமா” என்றாள் அக்கா.

அவர் என்னைப் பார்த்து, “இதான் தங்கச்சியா?” என்று கேட்டுவிட்டு ஒரு பை நிறையப் பலாச்சுளை கொடுத்தார். அவர் யார் என்று நான் கேட்டதற்கு, தெரிஞ்சவங்க என்றாள் அக்கா. பலாச்சுளை இருந்ததால் நானும் அதற்குமேல் கேட்கவில்லை.

போட்டோவில் இருபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் சரிவில் இருந்த சாமைக் காட்டின் முன்னால் நின்றிருந்தார். பின்னால் பனிமூட்டம். மலைக்கு ஏதோ ஆய்வுக்காகப் போனவர்கள் எடுத்த படமாம்.

அவர்தான் அக்காவைப் பெற்றவர். போட்டோ கொடுத்தவர் அவருடன் பிறந்தவர். இதெல்லாம் எனக்குப் பல வருடங்கள் கழித்துத்தான் தெரிந்தது. அப்பா அந்தக் காலத்தில் மலையிலிருந்து மரவள்ளிக் கிழங்கு ஏற்றிவரும் லாரி ஓட்டினார். அங்கேயே ஒரு பெண்ணைக் கட்டிக்கொண்டு அங்கேயே இருந்தார். அக்கா தவழ ஆரம்பிப்பதற்கு முன்பே அந்தப் பெண் காய்ச்சலில் இறந்துபோனார். அப்பா குழந்தையைத் தூக்கிக்கொண்டு கீழே வந்து அம்மாவைக் கட்டிக்கொண்டார். எங்கள் வீட்டில் இதைப் பற்றி யாரும் பேசியதில்லை. அக்காவுக்குத் தெரியாது என்று அம்மா நினைத்திருந்தாள். ஊரார் பேச்சில் எப்போதோ எல்லாவற்றையும் தெரிந்துகொண்டிருந்த அக்கா, தனக்குத் தெரியும் என்பது தெரிந்தால் அம்மா தாங்கமாட்டாள் என்று நினைத்திருந்தாள். உண்மையிலேயே ஒன்றும் தெரியாமல் இருந்தவள் நான் ஒருத்திதான்.

அக்காவின் படம் எங்கள் கரும்புக் கொல்லையில் சாயங்கால வெயிலில் அவள் சிநேகிதி போனில் எடுத்தது. ஒரு படத்தின்மேல் இன்னொன்றை அடுக்கி, மேல் படத்தின் ஓரத்தைக் கறுப்பு பிரஷ்ஷால் தடவினால் அந்த இடம் மறைந்து அடியில் இருப்பது தெரியும். தவறிப்போய்த் தடவிவிட்டால் வெள்ளையால் தடவி மீட்டுக்கொள்ளலாம். எதையும் நாம் அழிப்பதில்லை, மறைக்கத்தான் செய்கிறோம் என்று மிஸ் சொன்னார். அக்கா கரும்பைக் கொஞ்சம் கொஞ்சமாகப் பனிமூட்டத்துக்குள் கரைத்தாள். தன் முகத்தின் மஞ்சள் வெயிலைக் குறைத்தாள். அப்படியும் படம் ஒட்டவில்லை. அக்காவுக்கு இடப்பக்கமிருந்து வெளிச்சம், அந்தப் பெண்ணுக்கு வலப்பக்கமிருந்து. கண்டுபிடித்தது நான்தான்.

“அவங்கள திருப்பிப் போட்டுடுக்கா. வெளிச்சம் ஒரே பக்கமா வந்துடும்.”

அக்கா திருப்பினாள். வலப்பக்கம் இருந்த மூக்குத்தி இடப்பக்கம் வந்தது. முந்தானையும் தோள் மாறியது. அக்கா கொஞ்ச நேரம் அதையே பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, பழையபடி ஆக்கினாள்.

“வேணாம். அவங்க அப்பிடியே இருக்கட்டும்” என்று தன் படத்தைத் திருப்பிப் போட்டுக்கொண்டாள். எப்படியோ என் யோசனை பலித்ததில் எனக்குத் திருப்தி.

பிரிண்ட் எடுத்து வந்த அன்று சாயங்காலம், கழுவுவதற்காக டிபன் பாக்ஸை எடுக்க அம்மா அக்காவின் பைக்குள் கைவிட்டாள். பிரிண்ட் இருந்த கவரும் கூடவே வந்தது.

“இன்னாடி இது?”

அக்கா வாசற்படியிலேயே நின்றுவிட்டாள். நான் ஆரம்பித்தேன். கரும்பை எப்படிக் கரைத்தோம், வெயிலை எப்படிக் குறைத்தோம், ஒட்டு எங்கே இருக்கிறது, முடிந்தால் கண்டுபிடி என்று சொல்லிக்கொண்டே போனேன். அம்மா ஈரக்கையைப் புடவையில் துடைத்துக்கொண்டு படத்தை ஓரத்தில் பிடித்துப் பார்த்தாள். அந்த முகத்தை அவளும் அன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். ஆனால் யார் என்று கேட்கவில்லை.

“ஒம் மச்சம் அந்தப் பக்கம் பூட்டுதே” என்றாள் அக்காவிடம்.

படத்தைத் திருப்பிய கதையை நான் விளக்கினேன். அம்மா கேட்டதாகத் தெரியவில்லை. வெகுநேரம் பார்த்துவிட்டு, “இவ்ளோ தள்ளியா நிக்கறது? இன்னும் கொஞ்சம் கிட்ட நின்னுக்கினு இருக்கலாமில்ல” என்றாள்.

அக்கா, “அம்மா” என்றாள். அம்மா அவள் தோளைப் பிடித்துச் சமையலறைக்குள் அழைத்துக்கொண்டு போனாள். இருவரும் நெடுநேரம் வெளியே வரவில்லை. படத்தில் இன்னும் என்னென்ன குறை சொல்கிறாளோ என்று எனக்கு எரிச்சலாக இருந்தது. படத்தில் இருவருக்கும் நடுவே இருந்த இடைவெளியில்தான் பனிமூட்டத்தை வைத்து ஒட்டை மறைத்திருந்தோம். அது அம்மாவுக்கு எப்படித் தெரியும்?

மறுநாள் சென்டரில், நகர்த்தித்தான் பார்க்கலாமே என்றேன். அக்கா சிரித்துக்கொண்டே மவுஸை என்னிடம் கொடுத்தாள். அவளை அந்தப் பெண்ணின் தோளோடு தோள் படும்வரை நகர்த்தினேன். நான் பயந்தபடியே பனிமூட்டத்துக்கு இடமில்லாமல் போய், நடுவில் ஒட்டு கோடாகத் தெரிந்தது. முதலில் செய்ததுதான் நன்றாக இருக்கிறது என்று மிஸ்ஸும் சொன்னார்.

இரண்டையும் அம்மாவிடம் காட்டினேன். அவள் கோடு தெரிந்த படத்தை எடுத்துக்கொண்டாள். அதைத்தான் பிரேம் போட்டுக் கூடத்தில் மாட்டப்போவதாகச் சொன்னாள்.

“கோடு தெரியுதேம்மா.”

“தெரிஞ்சா தெரியட்டும்” என்றாள்.

அம்மாவுக்குப் போட்டோவைப் பற்றி ஒன்றுமே தெரியவில்லை என்று எண்ணிக்கொண்டேன்.