கம்பியில் பறந்த வீரனும் என்னைப் பெண் பார்த்த கதையும்

என்னைப் பெண் பார்க்க வருகிறவர்கள் ஞாயிறு காலைதான் வருவோம் என்று அடம்பிடித்தால் நான் என்ன செய்வது? அந்த நேரத்தில்தான் கேபிள் டிவியில் என் வீரன் பறப்பான். சித்திரக்கதைப் புத்தகத்தில் மின்னலாகப் பாய்கிறவன், அந்தப் பழைய வெளிநாட்டுத் தொடரில் முதுகில் கம்பி தெரியத் தொங்கிக்கொண்டே போவான். முகத்தை மட்டும் ரொம்ப அவசரமாக வைத்துக்கொள்வான். பணத்தைக் கொட்டி எடுத்த புதுப்படங்களில் அத்தனை நாணயமான முகத்தை நான் பார்த்ததில்லை.

"பேன்ட்டுக்கு மேல ஜட்டி போட்டவனப் பாக்க என்னடி அம்புட்டு ஆசை? வாரவுக கண்ணுல பட்டா மானம் போயிரும்" என்றாள் அம்மா. முந்தி வந்த மாப்பிள்ளை, என் ரசனையைக் கேட்டுவிட்டு வாயைப் பொத்திச் சிரித்தார். என் வீரனைப் பார்த்துச் சிரிக்காதவன் கிடைத்தால் கட்டிக்கொள்வது, இல்லாவிட்டால் இப்படியே இருந்துவிடுவது என்று அன்றே முடிவுசெய்துவிட்டேன்.

அடுத்த மாப்பிள்ளை வீட்டார் தேனியிலிருந்து கம்பத்திலுள்ள எங்கள் வீட்டுக்கு வந்து இறங்கியபோது கரண்ட் இல்லை. அம்மாவுக்கு நிம்மதி. கரண்ட் போனபோது ஓடிக்கொண்டிருந்த டிவியின் சுவிட்சை அணைக்க வேண்டும் என்று யாருக்கும் தோன்றவில்லை. நான் காபித் தட்டோடு கூடத்துக்குள் நுழைந்த நேரம் பார்த்துக் கரண்ட் வந்தது. முழுச் சத்தத்தில் இசை முழங்க, வீரன் கிளம்பினான்.

அணைக்க ஓடிய அம்மாவை மாப்பிள்ளையின் அப்பா தடுத்தார். கல்தூண் நட்டு, கம்பி இழுத்த பந்தலில் கொடி படரவிடுகிற திராட்சைத் தோட்டக்காரர்.

"இருக்கட்டும்த்தா. அங்கன பாருங்க, கம்பி தொய்யுது. பந்தக் கம்பிய இப்பிடி விட்டா ஒரு காய்ப்புக்குத் தாங்குமா?"

என் அப்பாவும் திராட்சைக்காரர்தான். சும்மா இருப்பாரா?

"கல்லுக்கால ரொம்பத் தள்ளி நட்டிருப்பாக. நடுவுல ஒரு முட்டுக் குடுத்திருந்தா இம்புட்டுத் தொய்யாது."

வீரன் உலகத்தைக் காப்பாற்றிக்கொண்டிருக்க, இருவரும் அவன் கம்பியை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்தார்கள். காபி ஆறியது. இதோ எல்லோரும் சிரிக்கப் போகிறார்கள், மாப்பிள்ளையும் சிரிக்கப் போகிறார் என்று பயந்துகொண்டே ஓரக்கண்ணால் அவரைப் பார்த்தேன்.

அவர் நாற்காலி நுனிக்கு வந்திருந்தார். திரையில் வில்லன் பாலத்துக்கு வெடி வைத்துக்கொண்டிருந்தான். அட்டைப் பாலம்தான், பார்த்தாலே தெரியும். அவர் கைகளோ நாற்காலியை இறுகப் பிடித்திருந்தன.

அவருடைய அம்மா தோளைத் தட்டினார். "ஏப்பா, பொண்ணு வந்து நிக்குது. பாத்துச் சொல்லு, பிடிச்சிருக்கா?"

"கொஞ்சம் பொறும்மா" என்றார் அவர், கண்ணை எடுக்காமல். "பாலத்துல ஆளுக இருக்காக."

நான் தட்டை இறக்கி வைத்துவிட்டு, அம்மாவின் காதில், "எனக்குப் பிடிச்சிருக்கு" என்றேன். அவர் அதுவரை என்னைப் பார்த்திருக்கவேயில்லை.