தியுர்மா அக்காவின் எரிமலை

தியுர்மா அக்கா மேடானிலிருந்து எங்கள் ஜோக்ஜா நகரத்துக்கு வந்து பத்து வருடம் ஆகிறது. அந்த ஊரின் உரத்த குரல் மட்டும் இன்னும் இறங்கவில்லை. "காபி இருக்கா?" என்று அவர் கேட்டாலே, ஏதோ சண்டை என்று பக்கத்து வீட்டார் எட்டிப் பார்ப்பார்கள். பிழைப்பு, பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கணினியில் உலகங்கள் கட்டுவது. கண்ணை முழுக்க மூடும் பெரிய கண்ணாடியைத் தலையில் மாட்டினால் பிள்ளை அந்த உலகத்துக்குள் நிற்கும். அதற்கு மரமும் வீடும் வரைகிறவள் இந்த ஊர்க்காரியான நான், வெனிங்.

இந்த முறை அக்கா கட்டிய உலகத்தில் மெராபி எரிமலை பொங்குகிறது. வாசலில் உட்கார்ந்திருக்கும் தாத்தா பாட்டியைக் கைப்பிடித்து இழுத்துக்கொண்டு பிள்ளைகள் இரண்டு நிமிடத்தில் தப்ப வேண்டும். மலையடிவாரப் பள்ளியின் தலைமையாசிரியர் பிரயித்னோ கையெழுத்துப் போட்டால்தான் இது பாடமாகும்.

முதல் சோதனையில், அந்தப் பள்ளியிலிருந்து வந்த ஐந்து பிள்ளைகளும் கண்ணாடிக்குள் வெந்துபோனார்கள். பெரியவர்களைக் கண்டதும் எங்கள் ஊர் வழக்கப்படி முதுகை வளைத்து, வலக்கையைத் தாழ நீட்டி, மன்னிப்புக் கேட்டபடி மெல்ல மெல்ல நகர்ந்தார்கள். குனிந்தால் வேகம் பாதியாகும்படி அக்கா அமைத்திருந்தார்.

"ஏண்டா ஓடலை?"

"பெரியவங்க முன்னாடி நிமிந்து ஓடலாமாக்கா?"

அக்கா என் பக்கம் திரும்பினார். "உனக்கு இது தெரியும்ல?"

"தெரியும்க்கா. நீங்க அவங்களை அங்க உட்கார வெச்ச அன்னைக்கே."

"நாலு வாரமா சொல்லாம இருந்தியா! வாயில என்ன, கொழுக்கட்டையா?"

"உங்க மனசு புண்படுமேன்னு..."

"புள்ளைங்க வெந்தாப் பரவால்லையா? நாளைக்கே நிஜமா பொங்கினா?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது.

மதியத்துக்குள் கணினித் தாத்தாவுக்குக் குரல் வந்தது. அக்காவின் குரலேதான். "குனியாதடா! ஓடு! என்னையும் இழுத்துட்டு ஓடு!" ஐந்து பேரும் விழுந்து விழுந்து சிரித்துக்கொண்டே தாத்தா பாட்டியோடு தப்பினார்கள்.

சோதனையைப் பார்க்க வந்திருந்த தலைமையாசிரியர் பிரயித்னோ புன்னகைத்தார். "ரொம்ப நல்லா இருக்கு. ஆனா பெரியவர் இப்படிக் கத்தலாமா? பிள்ளைங்களுக்கு மரியாதை போயிடும். பிறகு பார்ப்போம்."

எங்கள் பக்கம் 'பிறகு பார்ப்போம்' என்றால் கதவைச் சாத்தியாயிற்று. பத்து வருடத்தில் அக்கா அதையாவது கற்றிருந்தார். கண்ணாடிகளை எடுத்துப் பெட்டியில் வைக்கத் தொடங்கினார்.

"முடியாதுங்கய்யா," என்றது ஒரு குரல். என்னுடையதுதான். "இதைத் தள்ளிப் போடக் கூடாது. புள்ளைங்க முதல்ல உயிரோட இருக்கட்டும், மரியாதையை அப்புறம் சொல்லிக் குடுப்போம்."

பிரயித்னோ ஐந்து பிள்ளைகளையும் ஒவ்வொருவராகப் பார்த்தார். பிறகு பேனாவை எடுத்துக் கையெழுத்துப் போட்டார்.

"அந்தத் தாத்தா சத்தத்தை மட்டும் கொஞ்சம் குறைச்சா..."

"முடியாதுங்கய்யா."

வாழ்நாளில் நான் சொன்ன இரண்டாவது 'முடியாது' அது. முதலாவது சொல்லி ஒரு நிமிடம்கூட ஆகியிருக்கவில்லை.